வர மாட்டார் என்று தெரிந்து வைத்த பத்திரிகை

நான்கு நாள் பயணம். புறப்பட்ட இடம் அம்பத்தூர் எஸ்டேட். அதிக தூரம் போனது ஐயப்பன்தாங்கல். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். கூட வந்தவர் கடல் தாண்டி வந்தவர். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்று நாலு வாக்கில் நடந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொட்டு நீர்ப் பாசனத்துக்குக் குழாய் போடுகிற மிஷின் இஸ்ரேலில் இருந்து வந்து இறங்கியது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒருவர் வருகிறார் என்றார்கள். வெள்ளைக்காரர் வருவார் என்று ஏர்போர்ட்டில் அட்டை பிடித்து நின்றேன். என் நிறத்திலேயே ஒருவர் வந்து தோளைத் தட்டினார். மலையாளம் பேசினார்.

பெயர் ஏலியாஸ். கொச்சிப் பக்கத்து யூதர். பதினைந்து வயதில் குடும்பத்தோடு கப்பல் ஏறிப் போனவர். அவருடைய மலையாளம் நாற்பது வருஷத்துக்கு முந்தைய மலையாளம். அவர் அதைப் பேசினார், நான் தமிழ் பேசினேன். இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. இங்கே அவர் பேச்சைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

மிஷினில் ஒரு பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. வர மூன்று நாள் ஆகும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, சாருக்கு ஊரைச் சுற்றிக் காட்டு என்றார். எனக்கு அந்த மூன்று நாளும் லீவு வேண்டும், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும் என்றேன். வேனையே எடுத்துக்கொள், இரண்டு வேலையையும் ஒன்றாக முடி என்றார்.

ஏலியாஸுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கோயில், கடற்கரை எல்லாம் புத்தகத்தில் பார்க்கலாம், கல்யாணத்துக்குக் கூப்பிடப் போவதை எங்கே பார்ப்பது என்றார்.

முன் சீட்டில் அவர். பின்னால் என் மனைவி சரசா. அவள் மடியில் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். பக்கத்தில் பை நிறையப் பத்திரிகை. எங்களில் புருஷனும் பெண்சாதியும் நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் அது கூப்பிட்டதாக ஆகாது.

என் அண்ணன் அப்படித்தான் செய்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மகனுக்குக் காது குத்து. கோவில்பதாகையில் இருந்து அம்பத்தூருக்குத் தபால். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவரும் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவருக்கு ஆவடியில் டாங்கி செய்கிற ஃபாக்டரியில் வேலை. எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

என் மகள் செல்வி நகை கேட்கவில்லை. புடவை கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "பெரிப்பா வரணும்ப்பா. தாரை வாக்கும்போது பக்கத்துல நிக்கணும்." சின்ன வயதில் அவளைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு ஆவடி முழுக்கச் சுற்றினவர் அவர்.

நான் ஒரு முடிவு செய்து வைத்திருந்தேன். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பெரியவரு ஊட்டுக்குப் போறோம்" என்று சரசாவிடம் சொன்னேன்.

"மூணு மணிக்கு அவரு வேலையில இருப்பாரே. அஞ்சு மணிக்கு மேலதான வருவாரு."

"தெரியும்."

அவள் வெற்றிலையை நேராக அடுக்கினாள். பத்திரிகை வைத்ததாகவும் இருக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்க்காமலும் இருக்க வேண்டும். வராவிட்டால் பழி அவருக்கு. இதுதான் என் யோசனை.

புதன்கிழமை ஆவடி குவார்ட்டர்ஸ். எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரே பச்சைக் கதவு. ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, தட்டு நீட்டி, குங்குமம் கொடுத்து, மோர் குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் ஆள் வீடு இல்லை. அடுத்த பிளாக்கில் அதே நம்பர். இவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். யார் என்று கேட்கவே இல்லை. கல்யாணம் என்றதும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். கீழே இறங்கி வந்து சரசா தலையில் அடித்துக்கொண்டாள். "திருப்பிக் கேக்கலாமா?"

ஏலியாஸ் சொன்னார்: "கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அவர்கள் வருவார்கள், பார்."

வந்தார்கள். ஐந்து பேர். எவர்சில்வர் குடம் கொண்டு வந்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் பாடு கஷ்டம். எந்த வீட்டிலும் சமைத்ததைத் தொட மாட்டார். கறியும் பாலும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஒன்று சமைத்த பாத்திரத்தில் இன்னொன்று சமைக்கக் கூடாது, இன்னும் ஏதேதோ. பையில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி வைத்திருந்தார். அதில் அவரே முட்டை அவித்துக்கொள்வார். பழம் சாப்பிடுவார். கண்ணாடி கிளாசில் பால் இல்லாத டீ குடிப்பார்.

"எங்க பெரிம்மா வெள்ளிக்கிழமை கவுச்சிச் சட்டியத் தொட மாட்டாங்க. அந்த மாதிரியா?" என்றாள் சரசா.

"அந்த மாதிரிதான். எங்களுக்கு ஏழு நாளும்."

"ரொம்பக் கஷ்டம்பா."

ஆவடி மார்க்கெட்டில் டீக்கடை. பக்கத்தில் நின்றவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாத்தே, சார் கேரளாவா?"

"இஸ்ரேல்" என்றேன்.

"ஏசு ஊரு. அப்ப வேதக்காரரு."

"இல்ல."

"பாயா?"

"இல்லப்பா."

"அப்ப இன்னாதான் சாமி இவரு?"

ஏலியாஸ் புரிந்துகொண்டு பதில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "வெள்ளிக்கிழமை சூரியன் எறங்கினா சனிக்கிழமை நட்சத்திரம் வர்ற வரைக்கும் வேலையத் தொடாத ஜாதியாம்."

"நம்ம யூனியன்ல சேத்துக்கலாம் இவர" என்றார் அந்த ஆள். டீக்கு அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பூந்தமல்லி. குத்துவிளக்கு பார்க்கலாம் என்று சரசா கடைத்தெருவில் இறங்கினாள். வாங்குகிற எண்ணம் அன்றைக்கு இல்லை. மூன்று கடையில் விலை கேட்டாள். ஏலியாஸ் ஒரு கடைக்குள்ளும் வரவில்லை. வெயிலில் நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"வாங்கப் போவதில்லை என்றால் விலை கேட்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் மனசில் ஆசையைக் கிளப்பிவிட்டுப் போவது தப்பு."

சரசா சிரித்துவிட்டாள். "அப்ப பூந்தமல்லியில ஒரு பொம்பளையும் கடைத்தெருவுக்கு வர முடியாது."

"வாங்கலாமா வேண்டாமா என்று யோசனையில் இருந்தால் கேட்கலாம்."

"நான் எப்பவும் யோசனையிலதான் இருப்பேன்" என்று சொல்லி நான்காவது கடைக்குள் போனாள்.

மத்தியானம் ஐயப்பன்தாங்கல் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் வேனை நிறுத்தினேன். எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு. டிபன் பாக்ஸைத் திறந்து வழக்கம்போல, "வாங்க சார், சாப்பிடலாம்" என்றேன்.

அவர் கையில் இருந்த முட்டையைக் கீழே வைத்தார். "நான் சாப்பிட மாட்டேன் என்று உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் எதற்குக் கூப்பிட்டாய்?"

"மரியாதைக்கு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வால்வு எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். வர மாட்டான் என்று தெரிந்தே ஒருவனைச் சாப்பிடக் கூப்பிட்டால், நீ கொடுக்காத ஒன்றுக்காக அவன் மனசில் நன்றி வருகிறது. அந்த நன்றி நீ திருடியது. பொருளைத் திருடினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பாய்?

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் இதற்குப் பேசினேன். "எதிர்ல ஒருத்தர உக்கார வெச்சிக்கினு, கூப்புடாம சாப்ட்டா எனக்கு சோறு எறங்காது சார். அதுக்கு உங்க புஸ்தகத்துல வழி இருக்கா?"

அவர் முட்டையை முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும் வரை யோசித்தார். "கூப்பிடு. ஆனால் நான் சாப்பிடக்கூடியதாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு."

சரசா எழுந்து போனாள். ரோட்டோரத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பனை ஓலையில் ஒரு டஜன் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். "சார், வாங்க சாப்புடலாம்" என்றாள். பன்னிரண்டையும் அவர்தான் தின்றார். சின்ன வயதில் தின்றதாம். கட்டை விரலால் நோண்டித் தின்பது மறக்கவில்லை. சட்டை முழுக்கத் தண்ணீர்.

திரும்பி வரும்போது சரசா பின்னால் இருந்து குரல் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை மூணு மணி வெவகாரம் திருட்டுல சேருமா, கேளுங்க."

நான் ஹாரன் அடித்தேன். எதிரில் வண்டி இல்லை. அவளே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். தபால், காது குத்து, ஒன்பது வருஷம், செல்வி கேட்டது, என் மூணு மணி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணன் தம்பி விஷயம். நான் பேச மாட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்" என்றார். அவ்வளவுதான்.

புளியமரத்தடியில் அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வெள்ளிக்கிழமை போனேன்.

காலையில் திருவேற்காடு. வெள்ளிக்கிழமை என்பதால் கோயில் கூட்டம். ஆட்டோவும் ஷேர் வேனும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இரண்டு வீட்டில் பத்திரிகை வைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஏலியாஸ் காலையிலேயே சொல்லியிருந்தார், சூரியன் இறங்குவதற்குள் அம்பத்தூரில் கம்பெனி கொடுத்த ரூமில் இருக்க வேண்டும் என்று. இறங்கிய பிறகு வண்டி ஏறக் கூடாது. நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது. ஸ்விட்ச் போடக் கூடாது. கையில் ஒன்றும் தூக்கிக்கொண்டு தெருவில் போகக் கூடாது. "அஞ்சு மணிக்கே ரூம்ல இருப்பீங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று மணிக்குக் கோவில்பதாகை. அண்ணி கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சரசா குங்குமம் கொடுத்தாள். அண்ணி அவள் கையை விடவில்லை. "அஞ்சு மணிக்கு வந்துடுவாருப்பா. செத்த இரேன்" என்றார் என்னிடம்.

"சாருக்கு நேரமாவுது அண்ணி."

பத்திரிகையை டிவி மேல் வைத்துவிட்டு வந்தேன். எல்லாம் பத்து நிமிஷம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தெரு முனையில் கிளட்ச் வயர் அறுந்தது.

"பத்து நிமிஷம் சார்" என்றேன். பத்து நிமிஷத்தில் ஆகிற வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஏலியாஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் அடியில் வந்துவிட்டார். சைக்கிள் பிரேக் வயரை வைத்து ஒட்டுப் போடலாம் என்றார் அவர். தாங்காது என்றேன் நான். போட்டோம். அறுந்தது. மறுபடி போட்டோம். மிஷின்காரர்கள் இரண்டு பேர் வண்டிக்கு அடியில் போய்விட்டால் பொழுது தெரியாது. இரண்டு ஆட்டோ போனது. சரசா கூப்பிட்டுச் சொன்னாள். இதோ ஆகிவிட்டது என்றோம், இரண்டு பேரும்.

ஃபாக்டரி விட்டு ஆட்கள் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள். ஒரு சைக்கிள் பக்கத்தில் நின்றது.

"இன்னாம்மா சரசா, வண்டி மக்கரா?"

அண்ணன் குரல். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன். நான் வெளியே வரவில்லை.

"அடியில யாரு?"

"ஒங்க தம்பிதான்."

ஸ்டாண்டு போடுகிற சத்தம் வரவில்லை. சைக்கிள் போய்விட்டது.

ஏலியாஸ் வெளியே வந்து மேற்கே பார்த்தபோது சூரியன் பனைமரத்துக்குக் கீழே இருந்தது. இன்னும் அரை மணி. அம்பத்தூர் பத்து கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. கேனில் இருந்த தண்ணீரில் கை கழுவினார். "இந்த வேனிலேயே இருந்துகொள்கிறேன். ஓடாத வண்டியில் உட்காரலாம்" என்றார்.

சரசா அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது அண்ணன் கூட வந்தார். என்னைத் தாண்டி ஏலியாஸிடம் போனார். "சார், சரசா சொல்லிச்சு. ஊட்டுக்கு வாங்க. மாடில ரூம் கீது. நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் இருங்க."

ஏலியாஸ் அவரையே பார்த்தார். "உண்மையாகவா கூப்பிடுகிறீர்கள்?"

அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டி வந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "பொய்யா கூப்புடுவானா எவனாச்சும்?"

நான் கையில் இருந்த வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் ஏலியாஸ் பையில் இருந்து இரண்டு மெழுகுவத்தி எடுத்து ஏற்றினார். "கரண்ட் கீதே சார்" என்றார் அண்ணி. அவர் சிரித்தார். பேரீச்சம்பழத்தை வைத்து ஏதோ மெல்லப் பாடினார். அண்ணி தட்டில் மாம்பழமும் வெள்ளரிக்காயும் வைத்தார். அண்ணன் மகன் லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போயிருந்தான். நாங்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதுதான் அண்ணன் டிவி மேல் பார்த்தார்.

"இது எப்ப வந்துது?"

"மூணு மணிக்கு" என்றார் அண்ணி.

அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னார். "மூணு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு ஒரு ஆளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா ஒரே ஷிப்டு."

நான் எழுந்தேன். டிவி மேல் இருந்த பத்திரிகையை எடுத்தேன். வைத்த பத்திரிகையை எடுக்கக் கூடாது. அண்ணி பதறிப்போய் எழுந்தார். சரசாவுக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கொண்டு வந்தாள். காலையில் அடுக்கின வெற்றிலை வாடியிருந்தது. அதிலேயே வைத்தோம். இரண்டு பேரும் நீட்டினோம்.

"அண்ணே, நீ இருக்க மாட்டேன்னு தெரிஞ்சிதான் மூணு மணிக்கு வந்தேன். தப்பு. இப்பக் கூப்புடறேன். செல்வி கல்யாணத்துக்கு நீ வரணும். அது தாரை வாக்கறப்ப நீ நிக்கணும்."

மூன்று மணிக்குக் கூப்பிட்டபோது பதில் எனக்குத் தெரியும். இப்போது தெரியாது. தெரியாமல் கூப்பிடும்போது தட்டு கனமாக இருந்தது.

அண்ணன் தட்டைத் தொடவில்லை. "பாக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் அதற்கு முக்கால்வாசி வர மாட்டேன் என்றுதான் அர்த்தம். அண்ணி தட்டை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். விருந்தாளியை விட்டுவிட்டு நாங்கள் போக முடியாது. வேன் மக்கர் என்று செல்விக்குப் பக்கத்து வீட்டுப் போனில் சொல்லிவிட்டு அங்கேயே படுத்தோம்.

சனிக்கிழமை காலை. அண்ணன் மாடிக்கு டீ கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். நல்ல வெயில். ரூமில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஏலியாஸ் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ராத்திரி பூராவும் எரிந்திருக்கிறது. அண்ணி போட்டுவிட்டு இறங்கினது, அணைக்க ஆள் இல்லை.

"ஒரு குரல் குடுத்தா நான் வந்து நிறுத்த மாட்டேனா சார்?" என்றார் அண்ணன்.

கேட்கவும் கூடாதாம். நான் சொன்னேன்.

"சரி, நாமளா தெரிஞ்சி நிறுத்தினா?"

அது நம் பாடு என்றேன்.

அண்ணன் லைட்டை நிறுத்தினார். "வாயத் தொறந்து கேக்கவும் மாட்டாரு, சொல்லவும் மாட்டாரு. நாமளா தெரிஞ்சிக்கணும். என் தம்பியோட சகவாசம், அதான்" என்றார். ஏலியாஸ் துண்டுக்குள்ளேயே சிரித்தார். கட்டில் ஆடியது.

அண்ணன் லீவு போட்டார். ஊருக்குப் புது ஆளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். பத்து மணிக்கு மெக்கானிக் வந்து வயர் மாட்டிவிட்டான். வேன் ஜம்மென்று ஓடியது. ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். முதல் ஒரு மணி நேரம் கை பரபரவென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது. நல்லாத்தான் இருந்தது.

மூன்று பேரும் ஏரிக்கரைக்கு நடந்தோம். ஏலியாஸ் கையை வீசிக்கொண்டு வந்தார். கைக்குட்டை கூட எடுக்கவில்லை.

"வலை போடலாமா சார் இன்னைக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"கூடாது."

"பூப் பறிக்கலாமா?"

"கூடாது."

"சண்டை போடலாமா?"

"அது கூடவே கூடாது."

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப சாயங்காலம் வரைக்கும் இவன வெச்சிக்கினு நான் இன்னாதான் பண்றது?"

ஏலியாஸ் கரையில் உட்கார்ந்து, நாங்கள் போய்வரலாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச தூரம் நடந்தோம். அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"காது குத்துக்குப் பத்திரிகை வெக்கற வாரத்துல ஒங்க அண்ணிக்கு அம்மா எறங்கியிருந்தா. ஊட்ல வேப்பிலை கட்டியிருக்கு. நான் எப்பிடி இன்னொருத்தன் ஊட்டுப் படி ஏறுவேன்? ஒங்கூட்ல சின்னப் பொண்ணு. அதான் தபால்ல போட்டேன். மூணு தண்ணி ஊத்தினப்புறந்தான் காது குத்தே வெச்சோம்."

அம்மை போட்ட வீட்டில் இருந்து யாரும் வெளியே போய்க் கூப்பிட மாட்டார்கள். அம்மை என்று வெளியே சொல்லவும் மாட்டார்கள். சுப பத்திரிகையில் எழுதவே மாட்டார்கள். இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். என்னவோ, தபால் முத்திரையைப் பார்த்ததும் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ கேட்டிருக்கலாமே."

இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தோம். ஒன்பது வருஷம். அவருக்கு முன்பக்கம் முடி போய்விட்டிருந்தது. எனக்கும்தான்.

திரும்பி வந்ததும் ஏலியாஸ் எங்கள் முகத்தைப் பார்த்தார். மத்தியானம் நன்றாகத் தூங்கினார். நாங்களும் தூங்கினோம்.

சாயங்காலம் மொட்டை மாடியில் ஐந்து பேர் நின்றோம். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் அவருடைய நாள் முடிந்தது. முதலாவதை அவர் பார்த்தார். இரண்டாவதைச் சரசா பார்த்தாள். மூன்றாவது வரவே இல்லை. மேகம். அண்ணி விமானத்தைக் காட்டினார். அண்ணன் கழுத்து வலிக்கிற வரைக்கும் தேடி, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒன்றைக் கண்டுபிடித்தார். "அதோ. அது நகரல. அது நட்சத்திரந்தான்."

ஏலியாஸ் பையை எடுத்துக்கொண்டார். நான் வேனை ஸ்டார்ட் செய்தேன். அண்ணனிடம் என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. அவர் உள்ளே போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல பந்தக்கால்தானே?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"யாரு நடறது?"

"நான்தான்."

"மூத்தவன் இருக்கறப்ப நீ இன்னாடா நடறது? நகரு" என்று முன் சீட்டில் ஏறினார். ஏலியாஸ் பின்னால் போய்ச் சரசாவுக்கும் அண்ணிக்கும் எதிரில் உட்கார்ந்தார். வழி முழுக்க அண்ணன் என் டிரைவிங்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்பத்தூரில் செல்வி வாசலில் நின்றாள். யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தாள். "வாங்க" என்று கூடச் சொல்லவில்லை. அண்ணன் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"சோறு இருக்காமே? பசிக்குது."

யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.